கோணல் அண்ணன் போட்ட தப்புக் கணக்கு

கோணல் அண்ணனைப் போல மனிதரின் உயிரை வாங்கத் தெரிந்தவர் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் சலித்தாலும் கிடைக்கமாட்டார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எதைப் பார்த்தாலும் “இது கோணிக்கும்” என்பாரே தவிர, வேறு நல்ல வார்த்தை அவர் வாயில் வராது. அதனால் சுபாங் ஜெயாவில் இருந்த எங்கள் ஆய்வுக்கூடத்தில் இந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. உருக்கிய பிளாஸ்டிக் இழையை அடுக்கு மேல் அடுக்காகப் படியவைத்துப் பொருள் செய்யும் மெஷின் ஒன்று வந்து இறங்கியிருந்தது. அதை ஓட்டுவது என் வேலை. சூடான அடுக்கு ஆறும்போது சுருங்கும், கீழே இருப்பதையும் இழுக்கும், மூலை தூக்கிக்கொள்ளும். எங்கே, எவ்வளவு தூக்கும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கணக்குப் போடுவது அவர் வேலை. பொருள் செய்ய ஒரு நாள். அவர் கணக்கு முடிய நான்கு நாள். இந்த லட்சணத்தில் ஆபீஸின் ஒரே ஏர்கோன் அவர் அறையில்.

“கம்ப்யூட்டருக்கு வேர்க்கும் தம்பி” என்பார். எங்களுக்கு வேர்த்தால் பரவாயில்லை.

பங்சாருக்குச் சாப்பிடப் போனாலும் இதே கதைதான். ரொட்டி சானாய் வந்ததும், “தொடாத லா! ஆறட்டும். ஓரம் தூக்கும் பாரு” என்று சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுப்பார்.

கடைக்காரர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “அங்கிள், புங்குஸ் பண்ணிப் பொட்டலமாத் தரேன், வீட்டுல போய் அளந்துக்குங்க” என்றே சொல்லிவிட்டார்.

ஒரு முறை பம்ப் மூடி ஒன்றின் மாதிரியைப் பார்க்க வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர்கள் வருவதாக இருந்தது. கணக்கு மூன்று நாளாக ஓடிக்கொண்டிருந்தது. புதன்கிழமை காப்பி போட அவர் அறைக்குப் போனேன். கெட்டிலைச் சொருக இடமில்லை. ஏதோ ஒரு பிளக்கைப் பிடுங்கினேன்.

கம்ப்யூட்டர் திரை கறுத்துப்போனது. அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“மூணு நாளு தம்பி.” அப்புறம் மெதுவாக, “எவ்வளவுன்னு இப்பத் தெரியாது. ஆனா கோணிக்கும். அடியில அகலமா ஒரு விளிம்பு வச்சு ஓட்டு, மூலை தூக்காமப் பிடிச்சுக்கும்.”

“நீங்க எதத்தான் கோணிக்காதுன்னு சொல்லியிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டு, விளிம்பு வைக்காமலே ஓட்டினேன்.

வெள்ளிக்கிழமை மேசைமேல் வைத்த மூடி தொட்டில் போல ஆடியது. பாஸ் சிரித்துக்கொண்டே அதை அழுத்தினார். எல்லார் முன்னாலும் இரண்டாகப் பிளந்தது.

வந்தவர்கள் கிளம்பியதும் பாஸ் கத்தினார்: “யாரு லா இத இப்படியே ஓட்டச் சொன்னது? திங்கட்கிழமையிலிருந்து அவன் இங்க வரவேணாம்!”

நான் உடைந்த துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தேன்.

“நான்தான் பாஸ்” என்றார் கோணல் அண்ணன். “என் கணக்கு தப்பாப் போச்சு. கோணிக்காதுன்னு தம்பிகிட்ட சொல்லிட்டேன்.”

அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லாததால் அவரை அனுப்ப முடியவில்லை. மேசையோடு ஸ்டோர் பக்கம் தள்ளிவிட்டார்கள்; அங்கே ஒரு ஃபேன்கூடக் கிடையாது. நான் போய் நின்று, “அண்ணே…” என்று இழுத்தேன்.

“பேசாத. மொதல்ல அந்தக் கெட்டில தூக்கிக் கடாசு.”

அதன் பிறகு எத்தனையோ நல்லவர்களோடு வேலை பார்த்துவிட்டேன். அவர்களில் ஒருவரையும் இப்படி உட்கார்ந்து திட்டி எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.