துளசிராமன் பிடித்த ஆள்

ஊருக்கு ஊர் இப்படி ஒருவர் உண்டு, வாசகரே. இவர் பாட்டுக் கேட்கிறவர் அல்ல. பாட்டுப் பாடுகிற பெட்டியைக் கேட்கிறவர். கோலார் தங்கவயலில் அவருக்குப் பெயர் துளசிராமன்.

ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் பாத்திரக்கடை. குடத்தைச் சுண்டி, எழும் ஓசையை வைத்தே அதன் கனத்தைச் சொல்லிவிடுவார். அந்தக் காதுதான் அவரைக் கெடுத்தது என்பது மனைவி பத்மாவின் கட்சி. வீட்டு முன்னறையில் ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு, கட்டைவிரல் பருமனில் ஒயர், நடுவே அளந்து போட்ட ஒற்றை நாற்காலி. அதில் உட்காருகிறவருக்கு என்ன கிடைக்கும்? ஒரு பாட்டில் முப்பது விநாடி.

"இப்போ வருது பாருங்க... வந்துச்சு! ரைட்ல ஜால்ரா கேட்டுச்சா?"

கேட்டதா இல்லையா என்று வந்தவர் யோசிப்பதற்குள் அந்தப் பாட்டு நின்று, அடுத்த பாட்டின் முப்பது விநாடி ஆரம்பமாகியிருக்கும். தபால்காரர், பல் டாக்டர், மின் மீட்டர் பார்க்க வந்தவர், எல்லோரும் ஒருமுறை உட்கார்ந்தார்கள். மறுமுறை? பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அது அவருக்கு உள்ளுக்குள் வலித்தது. இவ்வளவு அழகான சத்தத்தைத் தனியாளாய்க் கேட்பதில் என்ன இருக்கிறது? ஆண்டுதோறும் பெங்களூரு ஓட்டல் ஒன்றில் நடக்கும் ஹை-ஃபை ஸ்பீக்கர் கண்காட்சிக்கு, இந்த முறை புது ஆள் ஒருவரை இழுத்துக்கொண்டுபோய் ரசிகராக்கியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டார். அகப்பட்டவர் பக்கத்துச் செருப்புக்கடை மஞ்சுநாத். திரும்பும்போது புடவைக் கடைக்குப் போகலாமே என்று பத்மாவும் ரயிலேறினாள்.

ஓட்டலில் அறைக்கு அறை ஸ்பீக்கர். அறைக்கு அறை துளசிராமனின் விளக்கம். மூன்றாவது அறையில், ஏ.சி. குளிரும் மெத்தை நாற்காலியும் ஒன்றுசேர, மஞ்சுநாத் சாய்ந்துவிட்டார்.

"மஞ்சு, அடியில அதிருதே பாஸ், எப்படி கீது?"

"சென்னாகிதே அண்ணா" என்று நன்றாயிருப்பதாகக் கன்னடத்தில் சொன்னார் மஞ்சுநாத், கண்ணைத் திறக்காமலே. அடுத்து வந்தது குறட்டை.

மனம் நொந்த துளசிராமன், அந்த அறைக்காரரை வெளியே ஒதுக்கிக்கொண்டுபோய் ஒயரின் தடிமன் பற்றி வாதாடத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து, பெட்டியருகே நின்ற பெண்ணிடம் பத்மா கூச்சத்தோடு கேட்டாள்: "பழைய தாலாட்டுப் பாட்டு எதுனா இருக்குதாம்மா? முழுசா போடுறியா?"

வாதத்தில் ஜெயித்துத் திரும்பியவர் வாசலிலேயே நின்றார். பத்மா நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பாடகி மூச்சிழுப்பதுகூடத் தனியாகக் கேட்டது. துளசிராமனுக்குப் பொறுக்குமா?

"பத்மா, லெஃப்ட்ல இப்போ ஒரு வயலினு..."

"சும்மா இருங்க."

திட்டுவதுபோல் இல்லை அந்தக் குரல், கெஞ்சுவதுபோல் இருந்தது. துளசிராமன் சுவரில் சாய்ந்து, வாயை மூடிக்கொண்டு, முழுப்பாட்டையும் கேட்டார். அந்தப் பாட்டுக்கு மூன்றாவது சரணம் உண்டு என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

ரயிலில் ஆதங்கம் தாங்கவில்லை. "இத்தினி வருஷமா வீட்ல பெட்டி இருக்குது. ஒரு நாளாச்சும் வந்து உக்காந்தியா நீ?"

"நீங்க எங்க பாட்டு போட்டீங்க? சத்தம்தானே போட்டீங்க!"

எதிர் இருக்கையில் மஞ்சுநாத் இப்போதுதான் நன்றாக விழித்துக்கொண்டு சிரித்தார்.

இப்போதெல்லாம் ஞாயிறு மதியம் அந்த ஒற்றை நாற்காலி பத்மாவுடையது. பாட்டையும் அவளே தேர்ந்தெடுக்கிறாள். ஒவ்வொன்றும் கடைசிவரை ஓடுகிறது. துளசிராமன் கதவோரம் தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த மூலையில் ஜால்ரா சுத்தமாகக் கேட்காது. ஆனாலும் கடைத்தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறார்: "புது ஆள் புட்ச்சிட்டேன் இல்ல!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன வாரம் நண்பரைப் பிடித்து உட்காரவைத்து, உங்களுக்குப் பிடித்த காட்சி ஒன்றைச் செல்போனில் காட்டினீர்களே, அது முடியும்வரை நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது செல்போனையா, அவர் முகத்தையா?