ராகுகாலம் கடலில் எந்த இடத்தில் தொடங்குகிறது?

மதிப்பிற்குரிய திருநாவுக்கரசு அவர்களுக்கும் சம்பந்தியம்மா ருக்கு அம்மாள் அவர்களுக்கும்,

போர்ட் பிளேர் பத்துபஸ்தியிலிருந்து சொக்கலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் புஷ்பாவும் மணப்பெண் கார்த்திகாவும், எங்கள் வீட்டுக்கு மேலே பறக்கும் விமானங்களும் நலம். சென்னையில் தாங்களும் மாப்பிள்ளை கௌதமும் நலமாக இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் ராகுகாலத்தில் கிளம்பவும் கூடாது, சென்னை மண்ணில் கால் வைக்கவும் கூடாது, மீறினால் தாம்பூலம் மாற்ற மாட்டோம் என்று சம்பந்தியம்மா போனில் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாதி பயம், மீதி ஆர்வம். முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் கப்பல் வந்த நேரம், போன நேரம் எழுதியே ஓய்வு பெற்றவன் நான். இணையத்தில் பார்த்தால் இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே சுமார் ஆயிரத்து முந்நூற்று எழுபது கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம் என்கிறது. யார் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்களோ! ஆகவே ஒரு பழைய ரிஜிஸ்தருடன் பத்து நாள் மொட்டை மாடியில் உட்கார்ந்தேன். காலை ஒன்பது இருபத்தைந்து விமானம் எழும்பியதும் நான் குறிப்பேன். பல்லாவரத்தில் இருக்கும் என் மைத்துனன் சுதாகர் அது இறங்கியதும் போன் செய்வான். சராசரி இரண்டு மணி பன்னிரண்டு நிமிடம் வந்தது. ஏழாம் நாள் மழையில் விமானம் கிளம்பவே இல்லை. அன்றும் சுதாகர், "மாமா, பதினொண்ணு முப்பத்தேழுக்கு டான்னு எறங்கிடுச்சு" என்றான். அவன் கணக்கு முழுவதையும் அடித்துவிட்டு, விமான நிலையத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு நாகராஜைக் கேட்டேன். "அங்கிள், டென்ஷன் மத் லோ, கவலைய விடுங்க. உங்க மச்சான் அடிச்சு விட்ட நேரமே சரிதான்" என்றார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு என்கிறது உங்கள் நாள்காட்டி. சூரியன் உதிப்பதை வைத்துத்தானே ராகுகாலம்? இங்கே உங்களைவிட ஐம்பது நிமிடம் முந்தி விடிந்துவிடும். அப்படியானால் எங்கள் ராகு ஒன்பது நாற்பதுக்கே வந்துவிடுவார். பறக்கிற விமானத்துக்கு எந்த ஊர் ராகு? நடுக்கடலில் எந்த இடத்தில் ஆள் மாறுவார்கள்? கோயில் குருக்களைக் கேட்டேன். "மேலே போறவாளை பகவான் பாத்துப்பார், என்னை விட்டுடுங்கோ" என்றார். புஷ்பாவோ, "பொண்ணக் கட்டிக் குடுக்கப் போறீங்களா, பிளேனக் கட்டிக் குடுக்கப் போறீங்களா?" என்கிறாள்.

நானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஒன்பது இருபத்தைந்துக்கு எழும்பினால் எங்கள் ராகு வருவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே ஊரை விட்டாயிற்று. பதினொன்று முப்பத்தேழுக்கு இறங்கி, பன்னிரண்டு அடிக்கும்வரை விமான நிலையத்துக்குள்ளேயே காபி குடித்துக்கொண்டிருக்கலாம். உள்ளே தரை முழுக்க டைல்ஸ், மண்ணே கிடையாது. ஆகையால் எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூட ராகுகாலத்தில் பிசக மாட்டோம் என்று உறுதி கூறுகிறேன்.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். தங்கள் இருவருக்கும் எங்கள் மரியாதை கலந்த அன்பு.

இப்படிக்கு,
சொக்கலிங்கம்

பி.கு.: இது திருநாவுக்கரசு அவர்களின் கண்ணுக்கு மட்டும். விமானத்தில் வருவது புஷ்பாவும் கார்த்திகாவும்தான். நான் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஏறத் தைரியமும் இல்லை. திங்கட்கிழமைக் கப்பலில் அடித்தளத்துப் பங்க் படுக்கைக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். "அப்புறம் என்னைப் பாக்க எப்பிடிப்பா வருவீங்க?" என்று கார்த்திகா அழுதுவிட்டாள். மூன்று நாள் ஆனாலும் வருவேன் என்றேன். வழியில் தினம் ஒரு ராகுகாலம் உண்டு. கிளம்பும் நேரம் கப்பலுக்கே தெரியாது. சம்பந்தியம்மா கேட்டால், நானும் வந்தது இரண்டு மணி பன்னிரண்டு நிமிடத்தில் என்று சொல்லிவிடுங்கள்.