கூடப் போனவள்

வைத்தியரிடம் யாரைக் கூட்டிப்போனாலும் பதிலை நான்தான் சொல்வேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. நோயாளி மூக்கால் அழவேண்டும், கூடப் போனவள் வாயால் சொல்லவேண்டும். என் மாமனாருக்கு எங்கே வலிக்கிறது என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும் (அதை அவரிடமே சொல்லியிருக்கிறேன்). அந்தப் பெருமை ஒரே நாளில் போயிற்று. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

உலகச் சண்டை முடிந்த சமயம். மயிலாப்பூரில் குளத்துக்குக் கிழக்கே குடியிருந்தோம். என் வீட்டுக்காரரின் தங்கை சரசு, பதினெட்டு வயது, தலைதீபாவளிக்குப் புருஷனோடு வந்தாள். மூன்றாம் நாள் மாப்பிள்ளை ஏதோ கோபத்தில் தனியாகக் கிளம்பிப் போய்விட்டார். அன்றோடு சரசு பேச்சை நிறுத்தினாள். சாப்பிடுவாள், பாத்திரம் துலக்குவாள், வாயை மட்டும் திறக்கமாட்டாள். ஒரு மாதம் பொறுத்த அவள் மாமியார், தைக்குள் பேச்சு வராவிட்டால் மகனுக்கு வேறு பெண் பார்ப்போம் என்று ஆளனுப்பிவிட்டார்.

நான் சும்மா இருப்பேனா? முதலில் மாம்பலத்து மந்திரவாதி. அவருடைய வைத்தியம் அதட்டல். வேப்பிலைக் கொத்தை ஓங்கிக்கொண்டு, “யார் நீ? எங்கேருந்து வந்தே?” என்று சரசுவுக்குள் இருந்த பேயைக் கேட்டார். பழக்கதோஷம், “மயிலாப்பூருங்க, குளத்துக்குக் கிழக்கால” என்றேன் நான். முதல் அடி எனக்கே விழுந்தது. அடுத்த நாலு அடி அவளுக்கு. கண்ணீர் வந்தது, பேச்சு வரவில்லை.

அடுத்தது திருவல்லிக்கேணிப் பள்ளிவாசலில் ஓதிப்பார்க்கிற ஒரு ஹஜ்ரத். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. தண்ணீரில் ஓதிக் கொடுத்து, ஏழு வெள்ளிக்கிழமை வந்து நிழலில் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்றார். கேள்வி கேட்காத வைத்தியம் என்ன வைத்தியம்? எனக்கு அங்கே வேலையே இல்லை. இரண்டு வெள்ளியோடு நிறுத்திவிட்டேன். (இரண்டாம் வெள்ளி திரும்பும்போது சரசு லேசாகச் சிரித்தாள். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.)

கடைசியில் அடையாறில் ஒரு மனசு டாக்டர். மெதுவாகப் பேசுகிற மனிதர். “ராத்திரி தூக்கம் வருதாம்மா?” என்று சரசுவைக் கேட்டார்.

“படுத்தா விடியறவரைக்கும் அசையமாட்டா” என்றேன்.

பசி எப்படி என்றார். அதற்கும் நானே சொன்னேன். “மனசுல ஏதாவது வருத்தமா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நாங்க நல்லா வச்சுக்கினு இருக்கோம்.”

பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்து, “இது எத்தனை நாளா இருக்கு?” என்றார். ஒன்றரை மாதமாக என்றேன். “அவங்களுக்கு இல்லம்மா, உங்களுக்கு” என்றார்.

என்னை வெளியே உட்காரச் சொன்னார். அறைக்கு அரைக்கதவுதான். ஒன்றரை மாதமாகக் கேட்காத குரல் உள்ளேயிருந்து கேட்டது.

“அண்ணி போய்ட்டாங்களா?”

பிறகு அவள் சொன்னதெல்லாம் என் காதில் விழுந்தது. மாப்பிள்ளை, செத்துப்போன அப்பாவைத் தூக்கத்தில் கூப்பிட்டு அழுவாராம். பயந்துபோய் அதை என் ஒருத்தியிடம்தான் சொன்னாளாம். நான் குழாயடியில் இரண்டே பேரிடம் சொன்னேன். (சத்தியமாக இரண்டே பேர்.) மூன்றாம் நாள் குழாயடியே அவரை நிறுத்தி, “இன்னா மாப்ளே, ராத்திரி அப்பா வந்தாரா?” என்று கேட்டதாம். அவர் போய்விட்டார். இனி யாரிடம் எதைச் சொன்னாலும் வினைதான் என்று சரசு வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டர் வெளியே வந்தார். “அந்தப் பொண்ணுக்கு வியாதி இல்லம்மா. ஜாக்கிரதையா இருக்கு” என்றார்.

மறுநாள் காலை தனியாக வடபழனிக்குப் போனேன், மாப்பிள்ளை வீட்டுக்கு. வழியெல்லாம் நூறு சமாதானம் யோசித்து வைத்திருந்தேன். அவர் எதிரே நின்றதும் ஒன்றும் வரவில்லை. “நான்தான் சொன்னேன். அவ இல்ல” என்றேன். அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார், அவளைக் கூட்டிவர.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது டாக்டரிடம் கிளம்பினால், நான் செருப்பைத் தேடுவதற்குள் ஒருவர் சொல்லிவிடுவார், “அண்ணி, உங்களுக்கு வெளியே பெஞ்சு.” எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். சரசு நாலு பிள்ளை பெற்றாள், பேரன் எடுத்தாள். ஊரெல்லாம் அவளோடு பேசித் தீராது. என்னிடம் மட்டும் கத்தரிக்காய் விலை, மழை வருமா வராதா, அவ்வளவுதான். நானும் அதற்குமேல் கேட்பதில்லை.