ஒரு கம்பிக்காக ஒரு கம்பளம்

இந்த வருஷம் எப்படியும் என் டி-ஷர்ட்டுகளைக் கம்பியில் மாட்டியே தீருவது என்று சபதம் எடுத்தேன். சிரிக்காதீர்கள். டெக்சாஸில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சமெல்லாம் இர்விங்கில், எங்கள் அபார்ட்மெண்ட் க்ளாஸட்டில்தான். அதிலிருக்கும் ஒரே கம்பி முழுக்க என் மனைவி பூங்கொடியின் புடவைகள். என் டி-ஷர்ட்டுகள் கட்டிலுக்கடியில் இரண்டு பெட்டிகளுக்குள் மூச்சுத் திணறிக் கிடந்தன.

அவை கம்பெனி கம்பெனியாக, கான்பரன்ஸ் கான்பரன்ஸாக ஓசியில் சேர்த்த சொத்து. நான் ஓடாத மாரத்தானுக்கெல்லாம் என்னிடம் டி-ஷர்ட் உண்டு. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவனுக்கு வேறு உடுப்பு எதற்கு?

அப்போதுதான் கீழ்வீட்டு மொராக்கோக்காரி நயீமா வழிகாட்டினாள். அவள் ஊரில் பெர்பர் பெண்கள் கம்பளி நூலோடு கிழிந்த துணிகளையும் சேர்த்துக் கையாலேயே கம்பளம் நெய்வார்களாம். சனிக்கிழமைதோறும் எங்கள் அபார்ட்மெண்ட் க்ளப்ஹவுஸில் அதைச் சொல்லித் தருகிறாளாம். பழைய துணி மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும். பழைய துணி என்று காதில் விழுந்ததுமே எனக்குக் கம்பி பாதி காலியானது போலிருந்தது.

பூங்கொடியிடம் போய்க் கலை, மன அமைதி என்றெல்லாம் பேசினேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"பழைய துணிக்கு எங்கீங்க போறது?"

"க்ளாஸட்ல தொங்குதே கண்ணு. நீ கட்டாத பொடவையே எத்தனை இருக்கு."

"எங்கம்மா எடுத்துக் குடுத்த பட்டைக் கிழிச்சுக் கீழ போட்டு மிதிக்கறதுங்களா?"

"பட்டை யாரு சொன்னா? க்ளாஸுக்குப் போய்த்தான் பாரேன்."

சரி என்றாள். அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

முதல் வகுப்புக்கு நானும் கூடப் போனேன். யாரோ ஒரு அம்மாள் பட்டுத் துணியை வெட்ட, அது நூல்நூலாகப் பிரிந்து மானத்தை வாங்கியது. நான் சும்மா இருந்திருக்கலாம். திருப்பூரில் பிறந்தவன் பனியன் துணியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? அதை வெட்டி ஓர் இழு இழுத்தால் கயிறு மாதிரி தானே சுருண்டுகொள்ளும், ஓரம் பிரியாது என்று ஒரு பிரசங்கமே செய்தேன். நயீமா தலையாட்டினாள். பூங்கொடி அதைவிட வேகமாகத் தலையாட்டினாள். கட்டிய மனைவி நம் பேச்சுக்குத் தலையாட்டினால் பேச்சை நிறுத்திவிட வேண்டும். எனக்கு அந்த விவரம் போதவில்லை.

அடுத்த சனிக்கிழமை, பழைய துணி இரண்டு பெட்டி கட்டி வைத்திருப்பதாகவும், கொஞ்சம் கீழே இறக்கித் தரும்படியும் சொன்னாள். இரண்டு பெட்டி! கேள்வி கேட்டால் மனசு மாறிவிடுவாளோ என்று வாயே திறக்கவில்லை. பெட்டிகள் என்னுடையவை ஆயிற்றே என்று ஒரு கணம் தோன்றியது. பெட்டிதானே, போகட்டும். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியிலிருந்து விசிலடித்தபடி நானே சுமந்து இறக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்புறம் குனிந்து கட்டிலுக்கடியில் பார்க்கவே முடியவில்லை. உடம்பில் ஒன்று, துவைப்பில் ஒன்று என்று டி-ஷர்ட்டை மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டினேன்.

இடுப்பு சரியாவதற்குள் கம்பளம் வந்துவிட்டது. ஹாலில் விரித்தாள். சிவப்பும் நீலமுமாக, நடுநடுவே கம்பளி புசுபுசுவென்று, உண்மையிலேயே அவ்வளவு அழகு. வேலைக்குப் போக அனுமதியில்லாத டிபெண்டன்ட் விசாவில் வந்து இத்தனை வருஷம் வீட்டிலேயே அடைந்து கிடந்தவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அப்புறம்தான் அந்த நீலத்தில் ஒரு மாரத்தானின் பாதிப் பெயர் கண்ணில் பட்டது.

"பூங்கொடி, இது..."

"நீங்க சொன்னதுதானுங்க. பனியன் துணிதான் பிரியாதுன்னீங்க. இவ்வளவு நல்ல துணி எங்க புடிச்சேன்னு நயீமா கேட்டாங்க. எங்கூட்டுக்காரருக்குத் திருப்பூருன்னு பெருமையாச் சொன்னேன்."

பெருமை என்ற பிறகு எப்படிக் கோபப்படுவது?

"ஓரத்துக்குத் துணி பத்தலைன்னு, துவைக்கப் போட்டிருந்ததையும் எடுத்துக்கிட்டேனுங்க. உங்க பொட்டி ரெண்டும் காலியாயிருச்சில்ல, பொடவையெல்லாம் அதுல மடிச்சு வெச்சுட்டேன். இனி அந்தக் கம்பி முழுக்க உங்களுக்குத்தான்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆமாம், கம்பி முழுக்க எனக்கேதான். மாட்டுவதற்குத்தான், போட்டிருப்பதைக் கழற்ற வேண்டும்.