அக்காவுக்கு அனுப்பிய சிவப்புக் கம்பளம்

நாள், கிழமை, நேரம் சேர்க்காமல் எனக்கு எதையும் சொல்ல வராது. திருத்தங்கலில் தினசரி காலண்டர் அச்சடிக்கும் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகப் பிழை திருத்துகிறேன். அமாவாசை ஒரு நாள் தள்ளிப்போனால் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். ஆகவே வெளிநாடு போய் நான் அவமானப்பட்டதையும் முறைப்படி பதிவு செய்துவிடுகிறேன். வியாழக்கிழமை, பகல் ஒன்று பத்து. அப்போது ராகு காலம் இல்லை. (பார்த்துவிட்டேன். அதன்மேல் பழி போட வழியில்லை.)

விருதுநகரில் ஒரு கல்யாண போட்டோகிராபரிடம் பழைய கேமரா ஒன்றை வாங்கியிருந்தேன். ஒரு படம்கூட எடுக்கும் முன்பே நூலகத்தில் போட்டோ கலை பற்றி மூன்று புத்தகங்கள் படித்து முடித்தேன். நீச்சலைப் படித்துவிட்டுக் கிணற்றில் குதிக்கிறவனுக்கு உள்ள தைரியம் எனக்கு வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் என் அக்கா மகள் பவித்ரா ஜார்ஜியா நாட்டில் ஆறு வருட மருத்துவப் படிப்பை முடித்தாள். அக்கா பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழல் சுற்றுகிறவள். மச்சான் அச்சங்குளம் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபோர்மேன். பட்டமளிப்பு விழா சரியாகத் தீபாவளி ஆர்டர் நெருக்கும் நேரத்தில் வந்தது. சீசனில் ஃபோர்மேன் லீவு கேட்பது, கல்யாணத்தன்று மாப்பிள்ளை லீவு கேட்பது மாதிரி. அதனால் அக்காவும் நானும் போவதென்று டிக்கெட் எடுத்தோம். கிளம்பப் பதினைந்து நாள் இருக்கையில், சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் படி தவறி விழுந்து அக்காவுக்குக் கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டுதான் என்னை வழியனுப்பினாள்.

"ஏலே, அங்கன மலைய எடு, ஆத்த எடு, எதையும் எடுக்காமக்கூட வா. எம்மவ மேடையில சர்ட்டிபிகேட் வாங்குறத மட்டும் நான் பாக்கணும். ஒரு போட்டோ போதும்லே."

"ஒண்ணு என்னக்கா, நாப்பது எடுத்துட்டு வாரேன்."

(நாற்பத்தொன்று எடுத்தேன். சொன்ன சொல் தவறவில்லை.)

விழாவுக்கு நான்கு நாள் முன்பே ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசிக்குப் போய்ச் சேர்ந்தேன், ஊரைப் படமெடுத்துக் கை பழக. மர பால்கனி வைத்த வீடுகள், மலை உச்சிக் கோயில், காதில் அடையாள வில்லை மாட்டிய தெருநாய்கள். ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் நேரம், இடம், வெயிலின் திசை குறித்தேன். ஒரு நாய்க்கு நான் எழுதிய குறிப்பு, அந்த ஊர்க் கால்நடைத் துறையிடம்கூட இருக்காது.

இரண்டாம் நாள் பவித்ரா கேமராவின் சின்னத் திரையை உற்றுப் பார்த்தாள்.

"மாமா, எல்லாமே ஏன் மேல ஏறி நிக்குது? இந்த நாய்க்குக் காது பாதிதான் இருக்கு. கீழ அம்புட்டும் ரோடு."

"அது வெற்றிடம் பாப்பா. பெரிய ஆளுகல்லாம் அப்படித்தான் விடுவாக. புத்தகத்துல இருக்கு."

"காத வெட்டவும் புத்தகத்துல இருக்கா?"

ஆறு வருடம் உடற்கூறு படித்தவள், காதுதான் கண்ணில் படும், கலை எப்படிப் படும் என்று பெரிய மனதோடு மன்னித்தேன்.

கல்லூரியே ஏற்பாடு செய்த போட்டோகிராபரிடம் பேர் கொடுக்கவா என்று கேட்டாள். "அப்ப நான் எதுக்கு ரெண்டு விமானம் மாறி வந்தேன்?" என்றேன். அம்மாவுக்கு வீடியோ காலாவது போடலாமே என்றாள். "கையில கேமரா இருக்கையில போனை யாரு புடிக்கிறது?" என்றேன். இப்படி, தப்பிக்க இருந்த இரண்டு வாசலையும் நானே சாத்தித் தாழ் போட்டேன்.

வியாழன் பகல் பன்னிரண்டு முப்பத்தேழுக்குப் பவித்ராவின் பெயரை வாசித்தார்கள். அவள் மேடையேறி, கல்லூரித் தலைவரிடம் பட்டச் சான்றிதழ் வைத்த சிவப்பு அட்டைக் கோப்பை வாங்கி, இறங்கப் பத்தொன்பது விநாடி ஆனது. நான் மூச்சு விடவில்லை. கேமராவும் ஓயவில்லை.

ஒன்று பத்துக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, மூன்று படங்களைப் போனுக்கு மாற்றி அக்காவுக்கு அனுப்பினேன். வெயில் கூசியதால் சரியாகப் பார்க்கவில்லை. நோட்டில் 'வெற்றி' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். கோடு காயும் முன்பே அக்காவின் குரல் செய்தி வந்துவிட்டது.

"ஏலே, கம்பளம் நல்லாருக்கு. நல்ல செவப்பு. முன்னால இருக்கவுக மண்டையெல்லாம் பளிச்சுன்னு தெரியுது, ஒருத்தருக்கு வழுக்கை. பாப்பா எங்கலே?"

போனைக் கையால் மறைத்து நிழலில் பார்த்தேன். படத்தின் உச்சியில் பவித்ரா ஒட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியோடு சரி, தொப்பி இல்லை. கல்லூரித் தலைவருக்குத் தாடைதான் இருந்தது. கோப்பில் ஒரு மூலை. மிச்சமிருந்த முக்கால் படமும் கம்பளம். நாற்பத்தொரு படங்களும் அச்சில் வார்த்ததுபோல் அப்படியே.

இரண்டாவது செய்தி வந்தது. "ஏலே, இப்பத்தான் எனக்கு வெளங்குது. நீ காலண்டர் எடுத்திருக்கலே! கீழ கடை பேரு, போன் நம்பரு, கிழிக்கிற தாளு, அம்புட்டுக்கும் எடம் விட்டிருக்க. நான் என்ன பலசரக்குக் கடையா வச்சிருக்கேன்?"

சாமி படமோ குழந்தை படமோ, எது வந்தாலும் 'கீழே இடம் பத்தாது' என்று இருபத்திரண்டு வருடம் திருப்பி அனுப்பிய கண் இது. மூன்று புத்தகம் படித்தால் மாறிவிடுமா?

ஒன்று ஐம்பதுக்கு வந்த மூன்றாவது செய்தியில் பேச்சே இல்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும், நான்கு விநாடி.

பவித்ரா என் தோளுக்கு மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "மூணு மணிக்குள்ள இந்தப் பட்டமளிப்புக் கவுனைத் திருப்பிக் குடுக்கணும் மாமா" என்றாள் மெதுவாக.

"வா பாப்பா, ஹாலுக்கு. தலைவர் இருந்தா இன்னொரு தடவை குடுக்கச் சொல்லுவோம்."

ஓடினோம். ஹாலில் பாதி விளக்கை அணைத்திருந்தார்கள். கல்லூரித் தலைவரைக் காணோம், பேராசிரியர் ஒருவரும் இல்லை. அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா மட்டும், தங்கப்பல் தெரிய ஏதோ முணுமுணுத்தபடி, நீளக்கம்பு மாப்பால் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பவித்ரா அந்த ஊர்ப் பாஷையில் விஷயத்தைச் சொன்னாள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து ஏதோ கேட்டார்.

"என்ன கேக்குறாக?"

"உங்களுக்குக் கண்ணுல கோளாறான்னு கேக்குறாக மாமா."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவ்வளவுதான், அந்த அம்மாள் பொறுப்பை எடுத்துக்கொண்டார். வாளியைத் திரைக்குப் பின்னால் தள்ளினார். மேலங்கியைக் கழற்றி முடியை ஒதுக்கினார். பவித்ராவின் கையிலிருந்த கோப்பைப் பிடுங்கி, கீழே போய் முறையாகப் படியேறி வா என்று சைகை காட்டினார். நான் வீடியோ காலைப் போட்டு, முன்வரிசை நாற்காலியில் பையோடு போனைச் சாய்த்து வைத்தேன். மணி இரண்டு பதினைந்து. (வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரை முதல் மூன்று. இருபத்திரண்டு வருடமாக நான் திருத்துகிற விஷயம், ஆனாலும் அன்றைக்கு அதை யாரிடமும் சொல்லவில்லை.)

காலி ஹால் முழுக்க அக்காவின் குரல் எதிரொலித்தது. "தெரியுதுலே! கால்ல இருந்து தொப்பி வரைக்கும் தெரியுது! ஏ பாப்பா, நிமிந்து நட ஆத்தா!"

கேமராவைக் கண்ணில் வைத்தேன். கை தானாகக் கீழே சாய ஆரம்பித்தது.

"மாமா, கம்பளத்த விடுங்க! தூக்குங்க, தூக்குங்க!" என்று மேடையிலிருந்து கத்தினாள் பவித்ரா.

தூக்கினேன். அந்த அம்மாள் சும்மா கொடுத்துவிடவில்லை. ஆளில்லாத நாற்காலிகளைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் சொற்பொழிவு ஆற்றினார். பிறகு கோப்பைக் கொடுத்து, பவித்ராவை இழுத்துக் கன்னத்தில் முத்தமிட்டார். போனுக்குள் அக்கா ஒற்றை ஆளாகக் கை தட்டினாள். பவித்ரா அழுதாள். நான் ஒரே ஒரு படம் எடுத்தேன்.

கவுனை ஒப்படைத்தபோது மணி இரண்டு ஐம்பத்திரண்டு. வெளியே வந்து அதே படிக்கட்டில் உட்கார்ந்தோம். பவித்ரா வாங்கி வந்த சீஸ் ரொட்டியை முழுசாகத் தின்று தீர்த்தேன். நான்கு நாளாக ரப்பர் மாதிரி இருந்த பண்டம், அன்றைக்கு அமிர்தமாக இருந்தது.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அக்கா கூடத்தில் மாட்டியிருக்கிறாள். தொப்பி முழுசு, செருப்பு முழுசு, தங்கப்பல்லும் உண்டு. பெரிதாக்கிய பிறகுதான் ஒன்று தெரிந்தது. அந்த அம்மாள் வலக்கையால் பட்டத்தைக் கொடுக்கிறார், இடக்கையில் மாப்பை நெட்டுக்குத்தாக, கம்பீரமாகப் பிடித்திருக்கிறார். வெட்டிவிடலாம் என்றேன். "நீ வெட்டுனது போதும்லே" என்றுவிட்டாள் அக்கா.

போன தை மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து இருபதுக்குப் பவித்ராவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். படத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"இவுக யாருங்க?"

"காலேஜு தலைவிங்க" என்றார் மச்சான். தெரு முழுக்க அவர் ஆறு மாதமாகச் சொல்லிவந்த பதில் அது.

"கையில என்னமோ கம்பு மாதிரி இருக்கே?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். மச்சான் பட்டாசுக் கம்பெனியில் இருபது வருடம் இருந்தவர், நெருப்பைக் கண்டால் பதற மாட்டார்.

"செங்கோலுங்க. பட்டம் குடுக்கையில அந்த ஊருல புடிச்சுக்கிருவாக."

தலைமையாசிரியர் மெதுவாகத் தலையசைத்தார். "மரபை விடாமக் காப்பாத்துறாக பாருங்க" என்றார்.

காபி கொண்டுவந்த பவித்ராவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தட்டு ஆடி, இரண்டு டம்ளர் தரையில் கவிழ்ந்தது. அக்கா முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் என் பக்கம் திரும்பினாள்.

"ஏலே தம்பி, அடுப்படியில செங்கோலு இருக்கும், எடுத்துட்டு வா."

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. எங்கள் இரண்டு வீட்டிலும் மாப்புக்கு இப்போது வேறு பெயர் கிடையாது.