மீன் விற்கப் போன இருநூற்றைம்பது

காரைதீவிலிருந்து எங்கள் ஊரான சாய்ந்தமருதை நோக்கி ஒரு பெரிய பைக்கைத் தள்ளிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஏழெட்டுக் காகங்களும் ஒரு நாயும் வந்தன. பைக்கில் கட்டியிருந்த பெட்டியில் முப்பத்தெட்டுக் கிலோ மீன் இருந்தது. காலையில் கரையிலிருந்து புறப்பட்டபோதும் முப்பத்தெட்டுக் கிலோதான். ஐஸ் உருகி, நான் வந்த வழி முழுக்கத் தண்ணீர்க் கோடு ஒன்று தாரில் நீண்டு கிடந்தது. (யாராவது என்னைத் தேடி வருவதென்றால் வழி கேட்க வேண்டியிருக்காது.) என்ன நடந்தது என்பது அதற்குள் எனக்கு ஓரளவு விளங்கியிருந்தது. வீட்டில் போய் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் விளங்கவில்லை.

உள்ளதை ஒப்புக்கொள்கிறேன். எந்தத் தொழிலும் என்னோடு ஒரு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். கல்முனையில் தையல் கடை, அக்கரைப்பற்றில் பேக்கரி, சம்மாந்துறையில் நெல் ஆலை, சுனாமிக்குப் பிறகு வீடு கட்டும் இடங்களில் கல் சுமக்கும் வேலை, இடையில் வேறு இரண்டு என்று சுற்றினேன். கடைசியில் ஐம்பது சீசீ பைக் ஒன்றில் பெட்டி கட்டி மீன் விற்கத் தொடங்கினேன். அது ஏழாவது தொழில். எண்ணியது நான் அல்ல, என் மனைவி றிஸ்வானா.

"இதையும் உட்டுட்டு வந்தீங்கெண்டா, நேரா உங்கட உம்மாட ஊட்டுக்கே போயிருங்க" என்று அவள் சொல்லியிருந்தாள்.

எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கோபம் வந்தால் தாய்வீட்டுக்கு அனுப்பப்படுவது ஆண்தான். கடல் கொண்டுபோன வீடும் அவளுடையது, பிறகு கிடைத்த வீடும் அவளுடையது. ஆகவே இந்த மீன் தொழிலை எப்படியாவது பிடித்து நிற்க வேண்டியிருந்தது.

ஐம்பது சீசீயில் ஒரு குறை, அது ஓடாது, நடக்கும். நான் காரைதீவுக்குப் போய்ச் சேர்வதற்குள் மற்ற மீன்காரர்கள் விற்றுவிட்டுத் திரும்பி வருவார்கள். எதிரே வரும்போது கை வேறு காட்டுவார்கள். பெரிய பைக் இருந்தால் முதல் ஆளாகப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அக்கரைப்பற்றில் பழைய பைக் விற்கும் ஒருவரிடம் இருநூற்றைம்பது சீசீ ஒன்று நின்றது. மேடு பள்ளம் பாராமல் காட்டுக்குள்ளும் போகிற வகை. உயரமான இருக்கை, பல் பல்லாக டயர், குதிரை நிற்பது போல ஒரு நிற்பு. நான் ஐந்தடி இரண்டங்குலம். ஏறி உட்கார்ந்தபோது இரண்டு பெருவிரல்கள் மட்டும் நிலத்தைத் தொட்டன.

"காக்கா, இது கொஞ்சம் உசரம் இல்லையா?" என்று கேட்டேன். எங்களுக்கு அண்ணன் என்றால் காக்கா.

"ஓடக்குள்ள கால் எதுக்கு தம்பி? இதுல போய்ப் பாருங்க. சனம் விலகி வழி உடும்."

அந்த மனிதர் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை இப்போதும் சொல்வேன்.

ஐம்பது சீசீயை அவரிடமே விட்டேன். மேலதிகத்துக்கு றிஸ்வானாவின் காப்பு ஒன்று போனது. முகம் முழுவதையும் மூடும் கறுப்பு ஹெல்மெட்டையும், பச்சை மழைக்கோட்டையும் அவர் இனாமாகத் தந்தார். (இனாமாக வந்ததைச் சந்தேகிக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.)

நாட்டில் நடந்த சண்டை முடிந்தபின் வந்த முதல் பெரும்போக நெற்பருவம் அது. விடியற்காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. கரைவலையில் பாரை மீனும் கீரி மீனும் நன்றாகப் பட்டிருந்தன. பெட்டியை நிரப்பி, பச்சைத் தார்ப்பாய்ப் படங்கால் மூடி, மழைக்கோட்டை மாட்டி, ஹெல்மெட்டைப் போட்டு, கல்லொன்றில் கால் வைத்து ஏறிப் புறப்பட்டேன். பைக் போட்ட சத்தத்தில் கரையில் நின்ற ஆடுகள் கலைந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது.

வழியில் படையினரின் சோதனைச் சாவடி, சென்றி, இருந்தது. சண்டை முடிந்தும் அது எழும்பிப் போகவில்லை. வழமையாக என்னை இறக்கி, அடையாள அட்டை பார்த்து, பெட்டியைத் திறக்கச் சொல்லி, மணம் தாங்காமல் மூடச் சொல்வார்கள். அன்று அங்கே நின்ற படைக்காரர் என்னைக் கண்டதும் நிமிர்ந்து நின்று, போ என்று கையைக் காட்டினார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சென்றியை இறங்காமல் கடந்தேன். ஏன் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். 'நல்ல பைக்குக்கு எங்கேயும் மரியாதைதான்' என்று நினைத்துக்கொண்டேன்.

காரைதீவுக்குள் முதல் ஆளாக நுழைந்தேன். முதல் தெருவில் ஒரு பெண் வாசல் கூட்டிக்கொண்டு நின்றவள், விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். சட்டி எடுக்கப் போகிறாள் என்று நினைத்துக் காத்திருந்தேன். கதவுதான் சாத்தப்பட்டது. அடுத்த வீட்டிலும் சாத்தினார்கள். அதற்கடுத்த வீட்டில் யன்னலையும் சாத்தினார்கள்.

"மீன்! பாரை! கீரி!" என்று கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் மட்டும் நன்றாகச் சுற்றியது.

ஊரில் மரணமா? கோயிலில் விரதமா? விரதமென்றால் மீன் வாங்க மாட்டார்கள், கதவை ஏன் சாத்த வேண்டும்? ஒருவேளை என் விலை பற்றி யாராவது கதை கட்டிவிட்டார்களா? ஒரு தெரு, இரண்டு தெரு, மூன்று தெரு. நான் போகப் போகக் கதவுகள் எனக்கு முன்னாலேயே சாத்திக்கொண்டு போயின. சந்தியில் கதைத்துக்கொண்டிருந்த நாலு இளைஞர்கள், நான் திரும்பிப் பார்ப்பதற்குள் நாலு திசையில் இல்லாமல் போனார்கள். விட்ட தெருவை மறுபடி பார்ப்போம் என்று திரும்பி வந்தேன். (அது இன்னும் மோசம். போனவர் திரும்பி வந்தால் எதையோ தேடுகிறார் என்று அர்த்தமாம்.) இப்படி வெயில் ஏறும்வரை சுற்றினேன்.

கடைசியாக டீச்சர் அக்கா வீட்டுக்குப் போனேன். கிழமைக்கு மூன்று நாள் என்னிடம் தவறாமல் மீன் வாங்குபவர். பைக்கை மதிலோடு சாய்த்து இறங்கி, வாசல் படலையைப் பலமாகத் தட்டினேன்.

உள்ளிருந்து அவருடைய குரல் வந்தது. வகுப்பையே அடக்கும் அந்தக் குரல் நூல் போல இருந்தது.

"ஐயா, வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்ல ஐயா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆண்கள் இல்லாவிட்டால் மீன் வாங்கக் கூடாதா?

"அதுக்கென்னக்கா? பாரை இரிக்கி. நறுக்கித் தரவா?"

"என்னது?"

"பாரக்கா. கீரியும் இரிக்கி."

"ஆர் அது? நசாரா?"

ஹெல்மெட்டைக் கழற்றினேன். கதவு ஒரு விரலளவு திறந்தது. பிறகு முழுவதும் திறந்தது. டீச்சர் அக்கா என்னைப் பார்த்தார், பைக்கைப் பார்த்தார், பச்சைப் படங்கு மூடிய பெட்டியைப் பார்த்தார். அப்படியே படியில் குந்திவிட்டார்.

"அட நாசமாப் போவானே! பெரிய பைக்கில பச்சைக் கோட்டோட, பின்னால ஒராளும் குனிஞ்சு இருக்கிறமாதிரி வந்தா, நாங்க பைக் ஆமி ஆள்பிடிக்க வருதெண்டுதானே நினைக்கிற? எங்கட பொடியன் பின் வேலியால பாய்ஞ்சு ஓடிட்டான். கையெல்லாம் முள்ளுக்கம்பி கிழிச்சிருக்கும்!"

"அல்லாஹ்வே! சண்டதான் முடிஞ்சிதே அக்கா."

"முடிஞ்சிதெண்டு எங்கட காலுக்கு ஆர் சொன்னது?"

நானும் அதே சத்தத்துக்கு எத்தனை முறை ஓடியிருக்கிறேன்! அந்தச் சத்தத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, சனம் ஏன் ஓடுகிறது என்று காலை முழுக்கக் குழம்பியிருக்கிறேன்.

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. "மீன்காரக் காக்காவாம்! மீன்காரக் காக்காவாம்!" என்று தெரு முழுக்கச் சிரிப்பு. டீச்சர் அக்காவின் மகனும் கையில் துணி சுற்றிக்கொண்டு வந்து, என்னை முறைத்துவிட்டு, பிறகு அவனும் சிரித்தான். ஆனால் யாரும் மீன் வாங்கவில்லை. பயத்தில் வீட்டில் இருந்த பருப்பையும் கத்தரிக்காயையும் சமைத்து முடித்துவிட்டார்கள். மதிய நேரமாகியிருந்தது. பைக்கை உதைத்தேன், எழும்பவில்லை. காலை முழுக்க ஊரைச் சுற்றியதில் பெற்றோல் தீர்ந்திருந்தது.

இப்படித்தான் நான் நடந்துகொண்டிருந்தேன். பாதி வழியில் ஒரு உழவு இயந்திரம் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் சம்மாந்துறைப் போடியார். பெரிய வயல்காரர்களை நாங்கள் போடியார் என்போம்.

"காரதீவையே கதவடைக்க வெச்சது நீதானா?"

"ஓம் போடியார்."

அவர் சிரிக்கவில்லை. பைக்கைச் சுற்றி வந்து பார்த்தார்.

"வயல்ல கதிர் பால் பிடிச்சிரிக்கி. கிளியும் குருவியும் தின்னு தீக்கிது. பெற்றோல் நான் அடிக்கன். நாளைக்கு இதக் கொண்டாந்து வரம்புக்குப் பக்கத்தால ஓடித் திரியிறயா?"

ஓம் என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது கதவு சாத்தியிருந்தது. என் கால்களை விடச் செய்தி வேகமாக வந்திருந்தது. தட்டினேன்.

"ஆரு? மீனா, ஆமியா?" என்றது றிஸ்வானாவின் குரல்.

"மீன்தான் புள்ள."

"எத்தின கிலோ வித்தீங்க?"

"ஒண்டும் விக்கல்ல."

உம்மாவின் வீட்டில் எந்த மூலையில் பாய் போடலாம் என்று நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன். கதவு திறந்தது. அவள் கையில் கத்தி இருந்தது. பின்னால் ஒரு சாக்கு உப்பு. சிரித்துச் சிரித்து அவள் கண்கள் சிவந்திருந்தன.

"நிண்டு பாக்காம கொண்டாங்க. கருவாடாவது போடுவம். மறுகா? எட்டாவது தொழில் என்ன?"

இன்றுவரை எங்கள் வீட்டுக் கதவை யார் தட்டினாலும், என் பிள்ளைகள் "மீனா, ஆமியா?" என்றுதான் கேட்கிறார்கள். மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் கேட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போடியாரின் வயலுக்குப் போனேன். வயல் வீதியில் இருநூற்றைம்பதை முழு வேகத்தில் முறுக்கினேன். கிளிக்கூட்டம் ஒன்று எழும்பி, அரை வட்டம் அடித்து, என்னைப் பார்த்துவிட்டு, அதே கதிரில் உட்கார்ந்தது. இரண்டாம் முறை எழும்பக்கூட இல்லை. குருவிகள் தலையைத் தூக்கவே இல்லை. எட்டரை மணிக்குப் போடியார் வரம்பால் நடந்து வந்து, ஒரு பழைய எண்ணெய்த் தகரத்தையும் அதைத் தட்ட ஒரு தடியையும் என் கையில் தந்துவிட்டுப் போனார்.