நெஸ்டோர் சாரிடம் மட்டும் என்ன பேச்சு?

"உனக்கு என்ன வேணும், சொல்லு" என்று எர்லிண்டா கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல மேம்," என்று மாணவி ஜோவெலின் மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டாள்.

எர்லிண்டாவுக்கு அலுத்துப்போயிற்று. பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரத்துப் பள்ளி ஒன்றில் அவள் கணக்கு ஆசிரியை. ஜோவெலினுக்கு இடது காது கேட்காது. தனக்கு வேண்டியதை ஆசிரியர்களிடம் அவளே வாய்விட்டுக் கேட்கப் பழக்குகிறேன் என்று எர்லிண்டா தானாக முன்வந்து ஏற்றிருந்தாள். தினமும் மதியம் பயிற்சி. பெண் வாயைத் திறந்தால்தானே!

ஆனால் ஜன்னல் வழியே பார்த்தால், அதே பெண் கூடைப்பந்து மைதானத்தில் விளையாட்டு ஆசிரியர் நெஸ்டோரிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள். சிரிப்பு வேறு!

எர்லிண்டாவுக்கு வயிறு எரிந்தது. "விசில் ஊதறதத் தவிர அந்த மனுஷனுக்கு என்ன தெரியும்?"

மறுநாள் வீட்டிலிருந்து பிபிங்கா என்ற அரிசிமாவுக் கேக்கைச் சுட்டுக்கொண்டு போனாள். ஜோவெலின் பாதியைத் தின்றுவிட்டு மீதியை வாழையிலையில் மடித்தாள்.

"வீட்டுக்கா?"

"நெஸ்டோர் சாருக்கு மேம். அவருக்கு ரொம்பப் பிடிக்கும்."

அடுத்து, ரப்பர் ஷூ மாட்டிக்கொண்டு எர்லிண்டாவே மைதானத்தில் இறங்கினாள். அவள் வீசிய முதல் பந்து தலைமையாசிரியரின் காபிக் கோப்பையைக் கவிழ்த்தது.

"கவலைப்படாதீங்க மேம், நெஸ்டோர் சார் சொல்லிக் குடுப்பார்," என்றாள் ஜோவெலின் ஆறுதலாக.

கடைசியில் பெண்ணை அறிவியல் ஆசிரியை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். ஜோவெலின் நிமிர்ந்து பார்த்தாள். "மேம், எனக்கு இடது காது கேக்காது. முன்வரிசையில இடது ஓரமா உக்காந்தா நீங்க சொல்றது நல்லாக் கேக்கும். உக்காரட்டுமா?"

"அடேயப்பா, தாராளமா! இவ்வளவு தெளிவாப் பேச யாரு கத்துக்குடுத்தா?"

எர்லிண்டா அடக்கமாகப் புன்னகைக்கத் தயாரானாள்.

"நெஸ்டோர் சார்!"

அன்று சாயங்காலம் எர்லிண்டா மைதானத்துக்குப் போன வேகத்தில் பையன்கள் விலகி வழிவிட்டார்கள்.

"என்ன சார் நெனச்சுக்கிட்டிருக்கீங்க? நான் தொண்டத்தண்ணி வத்தக் கத்துக்குடுப்பேன், நீங்க நடுவுல வந்து பேர் வாங்கிட்டுப் போவீங்களா? உங்ககிட்ட மட்டும் அவளுக்கு அப்படி என்ன பேச்சு?"

நெஸ்டோர் பந்தைக் கீழே வைத்தார். சங்கடமாகத் தலையைச் சொறிந்தார்.

"மத்தவங்ககிட்ட அவளுக்குப் பயமே இல்ல மேம். 'போர்டப் பாத்துக்கிட்டே பேசாதீங்க, எங்க பக்கம் திரும்பிப் பேசுங்க'ன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான், தெனமும் என்னை எர்லிண்டா மேம் மாதிரி நிக்கவெச்சு ஒத்திகை பாக்குறா."